படிப்பு பாதியில் நின்றால் கல்விக் கடன் என்னவாகும்?



நெடுங்காட்டிலும் சுற்று ஊர்களிலும் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை கேட்டரிங், ஏ.சி. மெக்கானிக், தீ பாதுகாப்பு, நர்சிங் என்று தொழில் படிப்புகளில் சேர்க்கிறோம். வளைகுடா வேலை நிச்சயம் என்ற விளம்பரத்தை நம்பி வங்கியில் கடனும் வாங்குகிறோம். சில பயிற்சி நிலையங்கள் பாதியிலேயே மூடிவிடுகின்றன. சில நிலையங்கள் தரும் சான்றிதழை எந்த கம்பெனியும் ஏற்பதில்லை. "படிப்பே கிடைக்கவில்லை, கடனை ஏன் கட்ட வேண்டும்?" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கான பதிலை இம்மாதப் பாடமாகப் பார்ப்போம்.

சட்டத்தின் நிலை

அமெரிக்காவில் கொரிந்தியன் காலேஜஸ் என்ற தனியார் தொழிற்கல்வி நிறுவனம் பொய் வாக்குறுதி தந்து மாணவர்களைச் சேர்த்து, 2015-ல் மூடப்பட்டது. அங்கு படித்த சுமார் 5 லட்சத்து 60 ஆயிரம் பேரின் 580 கோடி டாலர் கடனை 2022 ஜூனில் அந்நாட்டு அரசு தள்ளுபடி செய்தது. கடன் கொடுத்தது அரசு. ஏமாற்றப்பட்ட மாணவருக்கு விலக்கு தரும் சட்டமும் அங்கு இருந்தது.

நம் நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. கேரள அரசு 2017-ல் திருப்பிக் கட்ட முடியாத மாணவர்களின் கல்விக் கடனில் ஒரு பங்கை ஏற்கும் திட்டம் கொண்டுவந்தது. அதுவும் அந்த மாநிலத்தவருக்கு மட்டுமே.

இங்கு நாம் செய்வது இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள். கட்டணம் பற்றியது பயிற்சி நிலையத்தோடு. கடன் பற்றியது வங்கியோடு. முதலாவது முறிந்தாலும் இரண்டாவது நிற்கும். ஏழரை லட்சம் வரையிலான கடனுக்கு அரசின் உத்தரவாத நிதி இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். அந்த உத்தரவாதம் வங்கியின் நஷ்டத்துக்கானது. நம் கடனை அது தீர்க்காது. பெற்றோரும் கூட்டுக் கடன்தாரர் என்பதால் அவர்களின் சிபில் கணக்கும் கெடும். அடுத்த பிள்ளைக்குக் கடன் கேட்கும்போதுதான் அது தெரியவரும்.

உடனே செய்ய வேண்டியவை

1. வங்கி கட்டணத்தைத் தவணை தவணையாக நிலையத்துக்கு அனுப்புகிறது. வகுப்பு நின்ற வாரமே வங்கி மேலாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, மீதித் தவணையை நிறுத்தச் சொல்லுங்கள். வங்கி கொடுக்காத பணத்துக்கு நாம் கடனாளி அல்ல.

2. விளம்பரம், ரசீது, அடையாள அட்டை, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். உடன் படித்தவர்கள் சேர்ந்து புகார் கொடுத்தால் அதற்கு வலு கூடும்.

3. அங்கீகாரம் இல்லாமலே இருப்பதாகச் சொல்லி ஏமாற்றியிருந்தால் மோசடி என்று காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பீகாரில் அங்கீகாரமற்ற பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் சேர்ந்த மாணவர்களுக்கு, கட்டணத்தை வட்டியோடும் இழப்பீட்டோடும் தரும்படி 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கோச்சிங் சென்டர் தவிர, தொழிற்கல்வி உள்ளிட்ட கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2020-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் கூறியது. ஆகவே வழக்குப் போடுமுன் வக்கீலைக் கேளுங்கள்.

வங்கியோடு பேசும் முறை

வங்கிக் கடிதத்துக்குப் பதில் தராமல் ஒதுங்குவதுதான் பெரிய தவறு. பேசாமல் இருக்கும் காலத்திலும் வட்டி ஏறும். தவணைத் தொகையைக் குறைத்து, காலத்தை நீட்டித் தரும்படி கேளுங்கள். மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 15 ஆண்டு வரை இடமுண்டு.

வழியே இல்லையென்றால் ஒன் டைம் செட்டில்மென்ட் கேட்கலாம். அது கடன்தாரரின் உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் கூறிவிட்டது. வங்கி ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். சிபிலில் அது 'முழுதாக அடைத்தது' என்று பதிவாகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

காரைக்கால் நீதிமன்றத்தில் நடக்கும் மக்கள் நீதிமன்றத்திலும் வங்கியோடு சமரசம் பேசலாம். கட்டணம் கிடையாது. அங்கு முடிவானதை எதிர்த்து அப்பீல் செய்ய முடியாது. எனவே கட்ட முடிந்த தொகைக்கு மட்டும் சம்மதியுங்கள்.

வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது. மிரட்டினால் முதலில் வங்கியில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். தொலைபேசி எண் 14448.

மார்க்கம் காட்டும் வழி

கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கவும், விட்டுக்கொடுப்பது அதைவிட நல்லது என்றும் அல்குர்ஆன் (2:280) கற்றுத்தருகிறது. ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளிகளும் உண்டு (9:60). ஏமாந்ததை வெட்கமாக எண்ணி மறைக்க வேண்டாம், ஜமாஅத்திடம் சொல்லுங்கள். ஜகாத் பணத்தை எதற்குப் பயன்படுத்தலாம், வட்டிப் பகுதியை என்ன செய்வது என்பதை ஆலிம்களிடம் கேட்டுச் செய்வோம். அண்டை வீட்டுப் பிள்ளை கடனில் தவிக்கும்போது நாமும் கைகொடுப்போம்.

சேரும் முன்

ஐ.டி.ஐ. என்றால் டி.ஜி.டி., பாலிடெக்னிக் என்றால் ஏ.ஐ.சி.டி.இ., நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா என்று, நிலையம் காட்டும் காகிதத்தில் அல்ல, அந்தந்த அமைப்பின் பட்டியலிலேயே பாருங்கள். படித்து முடித்த இரண்டு பேரிடம் வேலை கிடைத்ததா என்று விசாரியுங்கள். அதன் பிறகே கடன் பத்திரத்தில் கையெழுத்திடுங்கள்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் கடனற்ற வாழ்வையும் அல்லாஹ் தந்தருள்வானாக, ஆமீன்.