வேற்றுச்சொல் நுழையும் வாயில்

நுழையும்முன்

ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்த மொழிகள் உலகில் பல. அவற்றுள் இரண்டை அருகருகே வைத்து நோக்கினால் எதிர்பாராத ஒற்றுமைகள் தென்படும். ஒற்றுமை கண்ட அளவிலேயே உறவு என்று முடிவு செய்துவிடலாகாது. ஜப்பானியத்தையும் லாட்வியத்தையும் ஒப்பிடும் இப்பாடம், பிறமொழிச் சொற்களை அவை ஏற்கும் முறையைச் சிறப்பாக ஆராய்கிறது.

பசிபிக் பெருங்கடலின் மேற்கு விளிம்பிலுள்ள ஜப்பானில் ஏறத்தாழ 12 கோடிப் பேர் ஜப்பானிய மொழியைப் பேசுகின்றனர். பால்டிக் கடற்கரை நாடாகிய லாட்வியாவின் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர் 20 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. லாட்வியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பால்டிக் கிளையைச் சேர்ந்தது. அக்கிளையில் இன்று வழக்கிலுள்ளவை லிதுவேனியமும் லாட்வியமும் மட்டுமே. ஜப்பானியத்திற்கோ பிற பெருங்குடும்பம் எதனுடனும் ஐயமற உறவு நிறுவப்படவில்லை.

ஆயினும் இவ்விரு மொழிகளிலும் உயிரொலியின் மாத்திரை பொருளை மாற்றுகிறது. ஜப்பானியத்தில் ‘ஒபஸன்’ என்றால் அத்தை அல்லது சித்தி. ‘ஒபாஸன்’ என்றால் பாட்டி. லாட்வியத்தில் ‘கஸஸ்’ என்பது வெள்ளாடுகளைக் குறிக்கும். ‘காஸஸ்’ என்பது திருமணத்தைக் குறிக்கும். நெடிலைக் குறிலாக்கி ஒலிக்கும் அயலார் ஒருவர், திருமணத்திற்குச் செல்வதாகச் சொல்ல எண்ணி ஆடுகளிடம் செல்வதாகச் சொல்லிவிடக்கூடும். லாட்வியர் நெடிலின் தலையில் ஒரு கோடிட்டு எழுதுவர். ஜப்பானியர் தம் எழுத்தில் இன்னோர் உயிரெழுத்தைச் சேர்த்தோ, நீட்டற் கோடிட்டோ எழுதுவர். ‘படு’, ‘பாடு’ என வேறுபடுத்தி அறிந்த தமிழ் மாணவருக்கு இது புதிதன்று.

இவ்வொற்றுமை உறவைக் காட்டுவதில்லை. தீயைக் குறிக்கும் லாட்வியச் சொல் ‘உகுன்ஸ்’, வடமொழியில் ‘அக்னி’. கடவுளைக் குறிக்கும் சொல் ‘தியெவ்ஸ்’, வடமொழியில் ‘தேவ’. இவைபோன்ற அடிப்படைச் சொற்களில் ஒலிகள் ஒழுங்கான முறையில் ஒத்துவருவதே மொழிக்குடும்ப உறவுக்குச் சான்றாகும். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ, தமிழுக்கும் ஜப்பானியத்திற்கும் அத்தகைய தொடர்பு உண்டென நெடுங்காலம் வாதிட்டார். தமிழர் விரும்பிக் கேட்கும் கருத்து அது. எனினும் மொழியியலாருள் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை.

இனி, அயற்சொற்கள் வரும் வாயிலைக் காண்போம். ஜப்பானியர் ஒரே தொடரில் மூவகை எழுத்துகளைக் கலந்து எழுதுவர். சீனத்திலிருந்து பெற்றவை காஞ்சி எழுத்துகள். தம் மொழியின் உருபுகளையும் வினையீறுகளையும் எழுதுவதற்கு ஹிராகனா. மேலைநாட்டுச் சொற்களை எழுதுவதற்குக் கடகனா. 16ஆம் நூற்றாண்டில் வந்த போர்த்துகீசியர் வழியாக ரொட்டிக்குப் ‘பான்’ என்னும் சொல் கிடைத்தது. இன்று அஃது அன்றாட உணவு; ஆயினும் நானூறு ஆண்டுகள் கடந்த பின்னும் கடகனாவிலேயே எழுதப்படுகிறது. வீட்டாரோடு உண்டு உறங்கினாலும் விருந்தினர் உடையை இன்னும் களையாத சொல் அது.

லாட்வியம் வேறு வழியில் செல்கிறது. அங்கு வரும் பெயர் உள்நாட்டு உடையை அணிந்தே ஆகவேண்டும். ஒலிப்பைத் தழுவி எழுத்து மாறும். ஆண்பாற் பெயர் பெரும்பாலும் ‘ஸ்’ என்னும் ஈற்றையும், பெண்பாற் பெயர் ‘அ’, ‘எ’ ஆகிய ஈறுகளையும் பெறும். ஆங்கில நாடக ஆசிரியர் அங்கே ‘வில்யம்ஸ் ஷெக்ஸ்பீர்ஸ்’ ஆவார். ‘ஷேக்ஸ்பியரின்’ என்னும் பொருளில் ‘ஷெக்ஸ்பீர’ எனவும், ‘ஷேக்ஸ்பியருக்கு’ என்னும் பொருளில் ‘ஷெக்ஸ்பீரம்’ எனவும் பெயரின் ஈறு திரியும். ஜப்பானியத்தில் ‘ஷேகுசுபியா’ என்னும் பெயர் திரிவதில்லை. அதன்பின் ‘நோ’ என்னும் உருபு வந்து நிற்கும். வடசொல்லைத் தமிழெழுத்தால் எழுதுமாறு விதித்த தொல்காப்பியர் லாட்வியரின் முறையைக் கண்டிருந்தால் வியந்திருக்கமாட்டார்.

இம்முறையால் ஒரு வழக்கும் எழுந்தது. ஜெர்மானியர் ஒருவரை மணந்த லாட்வியப் பெண், கணவரின் குடும்பப் பெயரை ஏற்றார். கடவுச்சீட்டில் அப்பெயர் லாட்விய ஒலிப்புக்கேற்ப மாற்றப்பட்டு, பெண்பால் ஈறும் பெற்றிருந்தது. கணவருக்கு ஒரு பெயர், தமக்கு வேறொரு பெயரா என்று அவர் முறையிட்டார். மூல வடிவம் அதே கடவுச்சீட்டின் வேறொரு பக்கத்தில் குறிக்கப்பட்டிருந்தும் அவர் மனம் அமையவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2004இல் அம்முறையீட்டை ஏற்க மறுத்தது. அரசு மொழியைக் காக்கும் நோக்கம் முறையானதே என்று கருதியது.

இப்பிடிவாதத்தின் பின்னணியில் வரலாறு உண்டு. 1940இல் லாட்வியா சோவியத் ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் ரஷ்யமொழி ஓங்கியது. 1989ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நாட்டு மக்களுள் லாட்வியர் 52 விழுக்காட்டினரே. பன்னிரண்டு கோடிப் பேர் பேசும் மொழி, தன் பெயரீறுகளைப் பற்றி இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் தம் பெயரைத் தாம் விரும்பியவாறு எழுத இயலாத பெண்ணின் வருத்தமும் சிறிதன்று.

காக்கப்படவேண்டிய மொழிகள் இவ்விரு நாடுகளிலும் வேறு உள. லாட்வியக் கடற்கரை மீனவர் பேசிய லிவோனியம், பின்னிய மொழிகளோடு உறவுடையது. அதனைத் தாய்மொழியாகப் பேசியோருள் இறுதியானவராகக் கருதப்படும் மூதாட்டி 2013இல் கனடாவில் மறைந்தார். ஆனால் லாட்வியர் ஏறக்குறைய எல்லாச் சொற்களிலும் முதலசையை அழுத்தி ஒலிப்பது லிவோனியத்தின் தாக்கம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். வட ஜப்பானில் ஐனு மொழி பேசுவோர் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். ஹொக்கைடோ தீவின் பெருநகரமான சப்போரோவின் பெயர் ஐனு மொழியினது; கடல் நீர்நாயைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லாகிய ‘ரக்கோ’வும் அம்மொழி தந்ததே.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் வழங்கும் பிறமொழிச் சொற்கள் பத்தினைத் திரட்டுக. அவை தமிழில் பெற்ற ஒலி மாற்றத்தையும், வேற்றுமை உருபு ஏற்கும்போது அடையும் வடிவத்தையும் வகுப்பறையில் எடுத்துரைக்க.