கிரகணமும் காலதத்துவமும்

தூத்துக்குடி, திருச்செந்தூர்க் கடலிற் கிரகண நீராடுவார் பஞ்சாங்கம் குறித்த பரிசகாலத்தை நோக்கி நிற்பர். குறித்த நாழிகையில் மதியம் மறையாதொழியின் அவர் வழிபாடு பழுதாமோ? இவ்வினா ஒருகாலத்திற் சைவர்மேல் ஏவப்பெற்ற கணையாதலின் ஈண்டு ஆராயப்படுகின்றது.

முன்னாளில் முத்துக்குளித்த இக்கடலுக்கு வடகிழக்கே, யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில், அமெரிக்கப் பாதிரிமார் 1823-ல் ஒரு கல்விச்சாலை நிறுவினர். அதன் தலைவர் டானியல் பூர் என்பவர். 1829 மார்ச்சு 20-ல் நிகழவிருந்த சந்திரகிரகணத்திற்கு விசுவநாத சாஸ்திரியார் கணித்த தொடக்கமும் நீடிப்பும் மறைப்பளவும் தம் கணிதத்தோடு மாறுபடுதலை அவர் முன்னரே வெளியிட்டார். அன்றிரவு வானம் பூருக்கே சான்று கூறிற்று. கணிதம் பிழைத்தமையின் நூல் பொய், நூல் பொய்யாகவே சமயமும் பொய் என்பது பாதிரிமார் துணிபு.

கணிதம் பிழைத்தது மெய்யே. அதனை மறைத்தல் நமக்குத் தகாது. அதன்மேற் கட்டிய துணிபோ நில்லாது. என்னை? காலம் அசுத்தமாயையிற் றோன்றும் வித்தியாதத்துவம் ஏழனுள் ஒன்று, சடம், சென்றது நிகழ்வது வருவதென நின்று ஆன்மாவின் வினைநுகர்ச்சியை வரையறுப்பது. பதி அதனைக் கடந்து நிற்பவன். காலத்தை அளக்கும் கோல் வழுவிற்றெனின் திருத்தப்படுவது கோலேயாம்.

அற்றேல், புதுச்சேரிக் கணிதர் ஒருவர் சோழிகளை நிலத்திற் பரப்பி, மனப்பாடத்தாலேயே கிரகணங் கணித்த திறத்தை வாரன் என்பார் 1825-ல் வெளியான தம் காலசங்கலிதத்துள் வியந்தெழுதினாரே, அது சைவத்திற்குச் சான்றாகாதோ எனின், ஆகாது. அது அக்கணிதரின் கல்விக்கே சான்று. பூரின் வாதத்தை மறுத்தவர் அதனையே தலைகீழாக்கிக் கைக்கொள்ளுதல் முறையன்று. நம் மேடைகளில் இது மிகுதியும் நிகழ்கின்றது.

இனிப் பஞ்சாங்கம் எவ்வாறாயினும் ஆகுக என விடலாமோ? விடலாகாது. சரியை கிரியைகள் காலத்தின்கண் நிகழ்வன. சந்திரனுக்குரிய 248 வாக்கியங்கள் மனத்திற் பதிதற்கு எளியன. ஆயினும் நூற்றாண்டுகள் கழியச் சிறுபிழை திரண்டு பெரிதாம். இதனையுணர்ந்தே சேரநாட்டுப் பரமேசுவரர், பரங்கியர் இந்நாட்டிற் கால்வைக்குமுன், 1431-லேயே கண்கூடான காட்சிக்கு இயையத் திருக்கணிதம் வகுத்தார். ஆதலின், சென்னை வானாராய்ச்சி நிலையத்துப் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியிட்ட திருக்கணித பஞ்சாங்கத்தை அயலார் சரக்கென்று ஒதுக்குதற்கு இடமில்லை.

திருக்கணிதம் சனிப்பெயர்ச்சியை 2025 மார்ச்சு 29-ல் வைக்க, திருநள்ளாற்றுத் திருக்கோயில் வாக்கியமே தன் வழக்கென்று 2026-க்கு வைத்தது. இராசியின் எல்லை வானத்தில் வரைந்து கிடப்பதன்று. அங்குக் கோயில்வழக்கே அமையும். கிரகணமோ காட்சியளவைக்கு உட்பட்டது. நிழல் மதியைத் தீண்டுதலும் விடுதலும் கடலில் நிற்பான் கண்ணுக்கே தோன்றுவன. அந்நீராட்டுக்குக் காட்சியோடு பொருந்துங் கணிதமே கொள்ளத்தக்கது.