ஏ.சி. வருது... எர்த் இருக்கா?

சித்திரை பிறந்தாலே மதுரைக்காரர்களுக்கு ரெண்டு விஷயம் நிச்சயம். அழகர் ஆற்றில் இறங்குவார்; வெயில் நம் தலையில் இறங்கும்! அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மொட்டை மாடி பகல் முழுக்கக் குடித்த சூட்டை ராத்திரி பூரா கக்கும். குழந்தைக்கு வேர்க்குரு, பெரியவருக்குத் தூக்கமில்லை. "இந்த வருஷமாவது ஒரு ஏ.சி. போட்டுடலாங்க" என்று பேச்சு எழும்.

நல்ல விஷயம்தான். விலை என்ன, எத்தனை ஸ்டார், எத்தனை வருஷ வாரன்டி என்று பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். ஆனால், அந்த மெஷினுக்குப் போகிற ஒயரைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்கிறோமா? கேட்க வேண்டும். அது குடும்பத்தின் உயிர் சம்பந்தப்பட்டது.

இருபது ஃபேன் ஒரே ஒயரில்!

கிணற்றுத் தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றுகிறது இல்லையா? அதேபோல ஏ.சி., அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. வெப்பத்துக்கான பம்ப், அதாவது 'ஹீட் பம்ப்'. குளிர் நாடுகளில் இதையே திருப்பி ஓடவிட்டு, வெளியே இருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டு வருகிறார்கள். கடைகளில் 'ஹாட் அண்ட் கோல்டு' என்று விற்பது இதுதான். மதுரைக்கு அது தேவைப்படாது!

1.5 டன் ஏ.சி. சுமார் 5,200 வாட் வெப்பத்தை வெளியேற்றும். அதற்கு அது எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய 1,500 வாட். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் என்று வைத்துக்கொண்டால், இருபது ஃபேன் ஒரே ஒயரில், மணிக்கணக்கில் ஓடுகிற மாதிரி!

அதனால், லைட், ஃபேனுக்குப் போகும் லைனில் ஏ.சி.யைச் சேர்க்கவே கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கூடாது. மெயின் போர்டிலிருந்து ஏ.சி.க்கென்றே தனி லைன் வேண்டும். 1.5 டன்னுக்கு 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர், 20 ஆம்பியர் எம்.சி.பி., அதற்கேற்ற கனமான ஏ.சி. பாக்ஸ் போடுவது நல்ல வழக்கம். வழியில் ஒட்டு இருக்கக் கூடாது. தளர்ந்த ஒட்டு சூடாகும், சூடு தீயாகும். மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடு என்றால், முதலில் பழைய ஒயரிங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். லோடு கூடுவதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள்.

எம்.சி.பி. உங்களைக் காப்பாற்றுமா?

"எங்க வீட்ல எம்.சி.பி. இருக்கு, பயமில்லை" என்று பலர் சொல்வார்கள். இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு.

உடம்பு வழியாக 1 மில்லி ஆம்பியர் போனால் சுருக்கென்று தெரியும். 10 முதல் 20 மில்லி ஆம்பியர் போனால் தசை இறுகிக்கொள்ளும். பிடித்த கையை விட முடியாது. 50 முதல் 100 மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியாகப் பாய்ந்தால், இதயம் தாளம் தப்பித் துடிதுடித்து நின்றுபோகலாம். எம்.சி.பி.யோ 20 ஆம்பியர், அதாவது 20,000 மில்லி ஆம்பியரைத் தாண்டினால்தான் அசையும். அது ஒயரைக் காக்கப் பிறந்தது. உங்களைக் காக்க அல்ல!

உங்களைக் காப்பது ஆர்.சி.சி.பி. பழைய பழக்கத்தில் 'இ.எல்.சி.பி.' என்றும் சொல்வார்கள். போன கரண்ட் முழுவதும் திரும்பி வந்ததா என்று சதா கணக்குப் பார்க்கும் கணக்குப்பிள்ளை இது. 30 மில்லி ஆம்பியர் கணக்கில் உதைத்தாலும், கண் இமைக்கும் நேரத்தில் லைனை வெட்டிவிடும். ஷாக்கடித்த கையை எவ்வளவு கரண்ட் வரை விட முடியும் என்று ஆராய்ந்த கலிபோர்னியா பேராசிரியர் சார்லஸ் டால்சீல், 1960-களின் தொடக்கத்தில் இந்த மாதிரிக் கருவியை வடிவமைத்தார். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். இன்வெர்ட்டர் ஏ.சி. என்றால் 'ஏ' டைப் நல்லது.

இது அடிக்கடி விழுகிறதே என்று, "பைபாஸ் பண்ணிடுங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எங்கோ கசிவு இருக்கிறது என்று அது கத்துகிறது. கத்துகிறவன் வாயைக் கட்டினால் கசிவு நிற்குமா?

எர்த் குழிக்கும் தாகம் எடுக்கும்

வெளி யூனிட்டின் தகட்டில் கரண்ட் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எர்த் பாதையின் மொத்தத் தடை 5 ஓம் என்றால், 46 ஆம்பியர் பாயும், எம்.சி.பி. சீக்கிரம் விழுந்துவிடும். அதே தடை 50 ஓம் என்றால், பாய்வது வெறும் 4.6 ஆம்பியர். எம்.சி.பி. சும்மாவே இருக்கும், தகடு உயிரோடு இருக்கும். மாடியில் ஈரத்துணி காயப்போடப் போகிறவர் அதைத் தொட்டால்..?

மண் ஈரமாக இருந்தால்தான் எர்த் நன்றாக வேலை செய்யும். கோடையில் மண் காய்ந்ததும் தடை ஏறிவிடும். ஏ.சி. அதிகம் ஓடுவதும் அப்போதுதான்! எனவே கோடையில் எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே சிமென்ட் பூசி மூடிவிடாதீர்கள். எர்த்தைத் தண்ணீர்க் குழாயிலோ, நியூட்ரலிலோ இணைக்க விடாதீர்கள்.

முதல் முறை ஆன் செய்யும் முன்...

* மெயினை அணைத்துவிட்டு, எல்லா ஸ்குரூவும் இறுக்கமா என்று பார்க்கச் சொல்லுங்கள். உள் யூனிட்டின் 1, 2, 3 எண்கள் வெளி யூனிட்டின் அதே எண்களோடு சேர்ந்திருக்க வேண்டும். மாறினால் உள்ளே இருக்கும் போர்டு எரிந்துபோகலாம்.

* "அண்ணே, எர்த்தை அளந்து காட்டுங்க" என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். டெஸ்டர் எரிவது சோதனை ஆகாது. எர்த் டெஸ்டரில் எத்தனை ஓம் என்று பார்க்க வேண்டும். 5 ஓமுக்குள் இருந்தால் நிம்மதி.

* குழாய்களை வேக்குவம் பம்ப் வைத்துக் காற்று நீக்கச் சொல்லுங்கள். இப்போது பல ஏ.சி.களில் வரும் ஆர்-32 வாயு லேசாகத் தீப்பற்றக்கூடியது. வேலை நடக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். பீடி, ஊதுவத்தி, விளக்கு வேண்டாம்.

* பிரேக்கரைப் போட்டதும் ஆர்.சி.சி.பி.யின் 'டெஸ்ட்' பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். மாதம் ஒரு முறை இதைச் செய்யுங்கள்.

* ஏ.சி.யை 20 நிமிடம் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ, கருகல் வாடை வந்தாலோ மறுபடி போடாதீர்கள்.

* கரண்ட் போய் வந்தால் மூன்று நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

* அணைத்த பிறகும் வெளி யூனிட்டின் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். நீங்களே மூடியைத் திறக்க வேண்டாம்.

யாருக்காவது ஷாக்கடித்தால்...

பாசத்தில் ஓடிப்போய்ப் பிடிக்காதீர்கள்! முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். 108-க்கு போன் செய்யுங்கள். நினைவும் மூச்சும் இல்லையென்றால், மார்பின் நடுவில் இரு கைகளால் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லே" என்று சொன்னாலும் விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். மேலே சின்னப் புண்தான் தெரியும். உள்ளே இதயம் தடுமாறியிருக்கலாம்.

ஏ.சி.க்கு ஆகும் செலவோடு பார்த்தால் ஒரு ஆர்.சி.சி.பி.யின் விலை ரொம்பக் கொஞ்சம். எர்த் குழிக்கு ஊற்றும் தண்ணீருக்கோ காசே இல்லை. ரெண்டையும் முடித்துவிட்டு ரிமோட்டைக் கையில் எடுங்கள். இந்தக் கோடையில் பிள்ளைகளோடு நீங்களும் நிம்மதியாகத் தூங்கலாம்!