செல்போன் காட்டும் ஏக்கர் கணக்கை நம்பலாமா?

விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் புஞ்சைகளில் விதைப்புக் கூலியை ஏக்கர் கணக்கில் பேசும்போது, சிலர் செல்போனைக் கையில் பிடித்தபடி வரப்பைச் சுற்றி வந்து, "ஒரு ஏக்கர் பதிமூன்று செண்ட்" என்று சொல்லிவிடுகிறார்கள். பட்டாவில் இருப்பதோ சரியாக ஒரு ஏக்கர். வரப்புத் தகராறிலும் இதே செல்போன் சாட்சிக்கு வந்து நிற்கிறது. இக்கருவி இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்த வேலைக்கு அதை நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பது விவசாய அன்பர்களுக்குத் தானே விளங்கும்.

செயற்கைக்கோள் மேலிருந்து நம் நிலத்தைப் பார்த்து அளப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. வழிகாட்டும் செயற்கைக்கோள் நம்மைப் பார்ப்பதே இல்லை. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று ரேடியோ அலை மூலம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதே அதன் வேலை. செல்போன் அதைக் கேட்டுக் கணக்குப் போடுகிறது.

அந்தக் கணக்கும் நமக்குப் பழகியதுதான். ஐப்பசி மாதத்தில் மின்னல் வெட்டியபின் இடி கேட்கும்வரை விநாடிகளை எண்ணுகிறோம். மூன்று விநாடி ஆனால் மின்னல் சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் என்று கொள்கிறோம். செல்போனும் அலை கிளம்பிய நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் கழித்துத் தூரத்தை அறிகிறது. ஆனால் ரேடியோ அலை விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் பாய்கிறது. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவ்வளவு தூரத்தையும் அலை ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடுகிறது. பத்துக் கோடியில் ஒரு பங்கு விநாடி பிசகினால்கூடத் தூரம் 3 மீட்டர் தவறிவிடும்.

தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடுமா? புஞ்சையில் ஒரு அளவுக்கல் காணாமற்போனால் சர்வேயர் என்ன செய்கிறார்? மற்றக் கற்களிலிருந்து புலப்படத்தில் உள்ள தூரங்களைப் பிடித்து, அவை எங்கே சந்திக்கின்றனவோ அங்கே கல்லை நடுகிறார். செயற்கைக்கோள்களை வானத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும் அளவுக்கற்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் கிடைத்துவிட வேண்டும். ஆனால் செல்போனில் உள்ள கடிகாரம் மலிவானது. அதன் பிசகு எல்லாத் தூரங்களையும் ஒரே அளவில் கெடுக்கும். நான்காவது கோளையும் கேட்டால், நான்கு தூரங்களும் ஒரே புள்ளியில் கூடும்வரை செல்போன் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது. எனவே குறைந்தது நான்கு கோள்கள் வேண்டும்.

கோளில் இருக்கும் கடிகாரமோ பிசகவே கூடாது. அதற்காகவே அணுக்கடிகாரம் வைக்கிறார்கள். நம் நாட்டு 'நாவிக்' அமைப்பின் முதல் கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 2016-இல் அதன் மூன்று அணுக்கடிகாரங்களும் நின்றுபோயின. மற்ற உறுப்புகள் வேலை செய்தும், இடம் காட்டும் வேலைக்கு அது உதவாமற்போயிற்று. வெளிநாட்டுக் கடிகாரங்களையே நம்பியிருந்த நிலை மாறி, 2023 மே 29 அன்று அனுப்பிய என்.வி.எஸ்.-01 கோளில் நம் நாட்டிலேயே செய்த ருபீடியம் கடிகாரம் வைக்கப்பட்டது.

இனி நம் வரப்புக்கு வருவோம். திறந்த வெளியில் சாதாரணச் செல்போன் காட்டும் இடம் ஏறத்தாழ 5 மீட்டர் வரை விலகியிருக்கலாம். வேம்பார்க் கடலில் படகு ஓட்டுபவருக்கு இது ஒரு பொருட்டல்ல. போன வாரம் மீன்பட்ட இடத்துக்கு ஐந்து மீட்டருக்குள் போய்ச் சேர்ந்தால் அவருக்கு வேறென்ன வேண்டும்? வரப்பு விஷயத்திலோ ஒரு முழம் தவறினாலும் வம்புதான்.

பிழை எல்லாப் பக்கமும் ஒரே திசையில் விழுந்தால் பரப்பு மாறாது. ஒவ்வொரு மூலையிலும் வெவ்வேறாக விழுவதே சங்கடம். ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் பக்கம் சுமார் 63.6 மீட்டர். நான்கு பக்கமும் கோடு 2 மீட்டர் வெளியே போய்விட்டால் 113 செண்ட் காட்டும். அண்ணன் தம்பி பாகம் பிரித்து 20 மீட்டர் அகலத்தில் நீளமாகக் கிடக்கும் ஒரு ஏக்கரானால், அதே பிழைக்கு 122 செண்ட்! உள்ளே போனால் இதுபோலவே குறையும். ஆகவே குறுகிய நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கே இதில் இழப்பு அதிகம்.

பிழைக்கு முக்கியக் காரணம், வெயிலால் மின்னேற்றம் பெற்ற மேல்வானக் காற்று அலையைத் தாமதப்படுத்துவது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடி மாவட்டங்களை ஒட்டிச் செல்வதால் இங்கே இந்த மாற்றம் கூடுதல். பிற்பகலிலும் பொழுது சாய்ந்தபின்னும் அளப்பதைவிடக் காலையில் அளப்பது நல்லது. பனைகளும் அடர்ந்த சீமைக்கருவேல் புதர்களும் வானத்தை மறைக்கும் ஓரங்களில் பிழை கூடும். டிராக்டரின் இரும்புக் கூரைக்குள் செல்போனை வைத்து அளக்கக் கூடாது.

கூலிக்காக அளப்பதானால், செல்போனை இயக்கியதும் நடக்கத் தொடங்காமல் சில நிமிடம் திறந்த இடத்தில் நின்று, பிறகு ஒவ்வொரு மூலையிலும் சற்று நேரம் நின்று குறிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை அளந்து சராசரி எடுக்கலாம். அதைவிட, ஒரு முறை டேப் பிடித்து அளந்து எழுதி வைத்துக்கொண்டால் ஆண்டுதோறும் வாக்குவாதம் இல்லை. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர்.

எல்லைத் தகராறுக்குச் செல்போன் அளவு செல்லாது. நில அளவையில் பயன்படும் செயற்கைக்கோள் கருவி வேறு வகை. இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு நிலையத்தில் இன்னொரு கருவி இருந்து, அந்த நேரத்துப் பிழை எவ்வளவு என்று கண்டு தெரிவிப்பதால், வயலில் இருக்கும் கருவி சில சென்டிமீட்டர் அளவுக்குத் திருத்தமாகக் காட்டும். கரிசல் மண் கோடையில் வெடித்து மழையில் உப்புவதால் கற்கள் சாய்வதும் புதைவதும் இங்கே சகஜம். அத்தகைய நிலத்தில் வேலி போடும் முன், புலப்பட நகலை எடுத்துக்கொண்டு, தாலுகா அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ கட்டணம் செலுத்தி மனுக் கொடுத்து, பக்கத்து நிலத்துக்காரரும் இருக்கும்போது சர்வேயரைக் கொண்டு கல்லைக் காட்டச் சொல்ல வேண்டும்.