வயலின் முழுத் தோற்றத்தைப் படமெடுத்து எங்கே பகிர்வது?

பயிரில் கோளாறு கண்டால் ஓர் இலையைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டு வேளாண்மை அலுவலரைத் தேடிப் போவது உழவர்களின் வழக்கம். இன்று பலர் அந்த இலையைச் செல்பேசியில் படமெடுத்து அனுப்புகிறார்கள். ஆனால் ஓர் இலையை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. நெல்லில் புகையான் தாக்கினால் பயிர் ஆங்காங்கே வட்டமான திட்டுக்களாகத் தீய்ந்து காணப்படும். அத்திட்டுக்கள் எத்தனை, வயலின் நடுவில் உள்ளனவா, வாய்க்கால் ஓரமாக உள்ளனவா என்பன முழு வயலையும் பார்த்தால்தான் விளங்கும். இதற்கு உதவுவது பனோரமா எனப்படும் அகலப் படம்.

இப்படத்தை எடுப்பது எளிது. அதைப் பார்க்க வேண்டியவரிடம் கெடாமல் சேர்ப்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பகிரும் இடத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டு வகைகள்

முதல் வகை, நீண்ட பட்டை போன்ற அகலப் படம். பெரும்பாலான செல்பேசிகளில் இதற்கு வசதி உண்டு. இரண்டாவது, நாற்புறமும் மேலும் கீழும் சுழற்றிப் பார்க்கக்கூடிய 360 பாகைப் படம் அல்லது வீடியோ. இதை எடுக்க முன்னும் பின்னும் வில்லை பொருத்திய தனிக் காமிராக்கள் உள்ளன. இவ்வகைப் படத்தின் அகலம் உயரத்தைப் போல் இரு மடங்கு இருக்கும். பயிர் நோயைக் காட்டுவதற்கு முதல் வகையே போதுமானது.

எடுக்கும் முறை

1. வில்லையைத் தூய துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

2. சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்கும்படி வரப்பின் மீது நில்லுங்கள்.

3. செல்பேசியை நெடுக்காகப் பிடித்து, இடத்தைவிட்டு நகராமல், ஒரே சீராக மெல்லத் திரும்புங்கள். விரைந்து திரும்பினால் வரப்பு முறிந்ததுபோல் படம் விழும்.

4. காற்று பலமாக வீசும்போது எடுக்க வேண்டாம். அசையும் பயிரைச் செல்பேசியால் சரியாக ஒட்ட இயலாது.

5. அகலப் படத்துடன் கிட்டத்தில் எடுத்த இரண்டு படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். புகையான் பூச்சி நீர்மட்டத்தை ஒட்டித் தூரின் அடியில் இருக்கும். தொலைவிலிருந்து எடுத்த படத்தில் அது தெரியாது.

எங்கே பகிர்வது?

ஒருவருக்கு அனுப்ப: வாட்ஸ்அப் போதும். ஆனால் வழக்கம்போல் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும். 12,000 புள்ளி அகலமுள்ள படம் 1,600 புள்ளிக்குச் சுருங்கினால், அகலவாக்கில் ஏழரைப் புள்ளிக்கு ஒன்றுதான் மிஞ்சும். தீய்ந்த திட்டும் நிழலும் ஒன்றுபோல் தோன்றும். பார்ப்பவர் தவறாக முடிவு கட்ட நேரலாம். மருந்துச் செலவு வீணாவதுடன் பயிரும் போய்விடும். ஆகவே இணைப்புக் குறியை அழுத்தி, ‘ஆவணம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அதன் வழியாக அனுப்புங்கள். எடுத்த தரம் குறையாமல் போய்ச் சேரும். 360 பாகைப் படத்திற்கு இது இன்னும் முக்கியம். ‘இது சுழற்றிப் பார்க்க வேண்டிய படம்’ என்ற மறைகுறிப்பு அக்கோப்பினுள் இருக்கிறது. சுருக்கும்போது அக்குறிப்பு அழிந்தால், கோணலான தட்டைப் படம் ஒன்றே எஞ்சும்.

சிலருக்கு மட்டும் காட்ட: உழவர் குழுவில் உள்ள பத்துப் பேர் பார்க்க வேண்டுமானால் கூகுள் டிரைவில் ஏற்றி, அதன் இணைப்பை மட்டும் அனுப்பலாம். பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். திருத்தும் அனுமதி தர வேண்டாம். இங்கு இலவச இடத்திற்கு வரம்பு உண்டு. 2021 ஜூன் முதல் கூகுள் போட்டோஸில் ஏற்றப்படும் படங்களும் அதே கணக்கில் சேர்கின்றன.

வீடியோவிற்கு: யூடியூப் ஏற்றது. 2015 மார்ச் முதல் 360 பாகை வீடியோக்களையும் அது ஏற்கிறது. ஏற்றியவுடன் சாதாரண வீடியோவாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். சுழலும் வடிவம் ஆயத்தமாகச் சிறிது நேரம் பிடிக்கும். செல்பேசி எண்ணைக் கொடுத்துச் சரிபார்க்காத கணக்கில் 15 நிமிடத்திற்கு மேற்பட்ட வீடியோவை ஏற்ற முடியாது. ஊரறியக் காட்ட விரும்பாவிட்டால் ‘பட்டியலிடப்படாதது’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணைப்பு வைத்திருப்பவர் மட்டுமே பார்க்கலாம். ஆனால் அவர் அதைப் பிறருக்கு அனுப்பினால் தடுக்க இயலாது.

வாடிக்கையாளர்களுக்குக் காட்ட: நாற்றுப் பண்ணையோ, பண்ணை விற்பனை நிலையமோ வைத்திருப்பவர்கள் கூகுள் மேப்ஸில் தங்கள் இடத்தின் பெயரில் படங்களைச் சேர்க்கலாம். வழி தேடி வருபவர் இடத்தையும் பார்த்துவிடுகிறார். இது எல்லோரும் காணும் பொது இடம் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

அகலப் படம் நீங்கள் காட்ட விரும்பியதுடன் விரும்பாததையும் காட்டிவிடும். மோட்டார் கொட்டகை, களத்தில் குவித்த நெல், பம்புசெட்டில் குளிப்பவர், பக்கத்து வயல்காரர் வீடு எல்லாம் அதில் விழும். பொதுவில் இடும் முன்பு ஓரம் முதல் ஓரம் வரை பெரிதாக்கிப் பாருங்கள். பிறர் இருந்தால் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருந்தால் படத்தை மீண்டும் எடுப்பதே நல்லது.

செல்பேசியில் இடமறியும் வசதி இயங்கினால், படம் எடுத்த இடம் கோப்பினுள் பதிவாகும். ஆவணமாக அனுப்பும்போது அதுவும் உடன் செல்லும். அலுவலருக்கு அனுப்பும் படத்திற்கு இது நன்மையே; எந்த வயல் என்ற ஐயம் எழாது. பொதுவில் இடும் படத்திற்கு இந்த வசதியை நிறுத்திவிட்டு எடுங்கள்.

பயிர்ச் சேதத்தைப் படமெடுத்துப் பகிர்ந்துவிட்டால் காப்பீட்டிற்கு அறிவித்ததாக ஆகாது. குறித்த கெடுவிற்குள் முறைப்படி அறிவித்து, படத்தைத் துணைச் சான்றாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அசலே விதைநெல்

அகலப் படங்களுக்கெனப் பெயர் பெற்ற பல இணைய இடங்கள் இன்று இல்லை. உலகெங்கும் ஊர்க் காட்சிகளைச் சேர்த்து வைத்திருந்த பனோரமியோ 2016 நவம்பரில் மூடப்பட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் போட்டோசின்த் 2017 பிப்ரவரியில் நின்றது. 360 பாகைப் படம் எடுத்து ஏற்ற உதவிய கூகுள் ஸ்ட்ரீட் வியூ செயலியும் 2023 மார்ச்சில் முடிவுற்றது. பெரிய நிறுவனங்கள் நடத்தியவையே இவ்வாறு மறைந்தன. அங்கு மட்டும் படங்களை வைத்துவிட்டு அசலை அழித்தவர்கள் என்ன செய்வார்கள்?

எவ்வளவு முடை வந்தாலும் விதைநெல்லை உழவர் குத்தி உண்பதில்லை. அசல் படத்தையும் அப்படியே கருதுங்கள். பகிர்வதற்குப் படி எடுத்துக்கொண்டு, அசலை ஒரு பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ தனியே சேமியுங்கள். வயலின் பெயர், பயிர், தேதி மூன்றையும் கோப்பின் பெயராக இடுங்கள். ஒரே வரப்பில், ஒரே இடத்தில் நின்று, நட்டது முதல் அறுவடை வரை 15 நாட்களுக்கு ஒரு படம் எடுத்து வாருங்கள். சில பருவங்கள் கழித்து அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், தண்ணீர் தேங்கும் மூலை எது, ஒவ்வோர் ஆண்டும் பயிர் வெளுக்கும் இடம் எது என்பது உங்களுக்கே புலப்படும். அடுத்த பருவத்திற்கு எங்கே வடிகால் வெட்டுவது, எங்கே மண் மாதிரி எடுப்பது என்று நீங்களே முடிவு செய்யலாம்.