கண்வலிக்கிழங்கு: கோடையில் விதைக்கிழங்கைக் காக்கும் முறை

திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களின் வறட்சியான பகுதிகளில் சிறு விவசாயிகள் பலருக்குக் கண்வலிக்கிழங்கு நல்ல பணப்பயிர். நமது மாநில மலரான செங்காந்தளும் இதுவே. மருந்துக்கான கால்சிசின் இதன் விதையிலிருந்து எடுக்கப்படுகிறது.

இப்பயிரில் பெருஞ்செலவு விதைக்கிழங்குக்கே ஆகிறது. ஏக்கருக்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,200 கிலோ கிழங்கு தேவை. பத்தில் ஒன்று அழுகினாலும் நூறு கிலோ நஷ்டம். கொடி காய்ந்தபின் கிழங்கைக் கவனியாமல் விடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

ஓய்வுக் காலம்

ஆனி, ஆடியில் நட்ட பயிர் சுமார் 160 முதல் 180 நாட்களில் அறுவடைக்கு வரும். பிறகு கொடி காய்ந்துவிடும். நட்ட தாய்க்கிழங்கு சுருங்கி, அதனிடத்தில் புதுக்கிழங்கு உண்டாகியிருக்கும். இது அடுத்த பருவம் வரை முளைக்காமல் ஓய்வில் இருக்கும். இக்காலத்தில் அதற்குத் தண்ணீர் தேவையில்லை. ஈரம் தங்கினால் பூசணம் பற்றி அழுகும்.

வயலில் விடுவதானால்

வடிகால் நன்கு உள்ள செம்மண் நிலத்தில் கிழங்கை வயலிலேயே விடலாம். பாசனத்தை நிறுத்திவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடை மழைநீர் தேங்காதபடி முன்கூட்டியே வாய்க்கால் எடுத்துவிட வேண்டும். கிழங்குள்ள இடத்தில் உழவோ கொத்தவோ கூடாது.

தோண்டும்போது கவனம்

கொடி முற்றிலும் காய்ந்த பிறகே தோண்ட வேண்டும். கலப்பை போல் வளைந்திருப்பதால் இதற்குக் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். இதன் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்குருத்துதான் உண்டு. அது முறிந்தால் அந்தத் துண்டு முளைக்காது. எனவே, செடியிலிருந்து ஓரடி தள்ளி மண்வெட்டி போட்டு, மண்ணோடு பெயர்த்து, கையால் பிரித்தெடுக்க வேண்டும். கூடையில் வீசக் கூடாது.

சேமிப்பு

கிழங்கைக் கழுவக் கூடாது. ஒட்டிய மண்ணை மெதுவாக உதிர்த்து, நிழலில் சில நாட்கள் ஆறவிட வேண்டும். காயம்பட்டதையும் அழுகியதையும் கழித்துவிட வேண்டும். மீதியைக் காற்றோட்டமுள்ள கொட்டகையில், உலர்ந்த மணல்மேல் ஒரே அடுக்காகப் பரப்பலாம். குவித்து வைத்தாலும், பிளாஸ்டிக் பையில் கட்டினாலும் வேர்த்துக் கெடும். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை பார்த்து, அழுகியதை அகற்ற வேண்டும்.

தொட்டியில் வளர்ப்போர் கொடி காய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, மழை படாத தாழ்வாரத்தில் தொட்டியைச் சாய்த்து வைத்தால் போதும். ஆனியில் மண்ணை மாற்றித் தண்ணீர் விடலாம்.

நடும் முன்

50 முதல் 60 கிராம் எடையுள்ள, குருத்துக் கெடாத கிழங்கே நடவுக்கு ஏற்றது. டிரைக்கோடெர்மா விரிடி ஏக்கருக்கு 1 கிலோ வீதம், 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து நிலத்தில் இட்டால் அழுகல் நோய் குறையும். இரண்டு, மூன்று அங்குல ஆழத்தில் நட வேண்டும்.

எச்சரிக்கை

கிழங்கு உயிரைப் பறிக்கும் நஞ்சு. வள்ளிக்கிழங்கு என எண்ணித் தின்று இறந்தவர்கள் உண்டு. ஆகவே சமையலறைக்கு அருகிலோ, குழந்தைகளும் கால்நடைகளும் நடமாடும் இடத்திலோ வைக்கக் கூடாது. கிழங்கு வைத்த சாக்கில் தானியம் கட்டக் கூடாது. தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். யாரேனும் தின்றுவிட்டால், வாந்தி, பேதி வரட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். நஞ்சின் அறிகுறி சில மணி நேரம் கழித்தே தெரியும். தின்ற கிழங்கின் மிச்சத்தையும் டாக்டரிடம் காட்டுவது நல்லது.

கோடை நான்கு மாதமும் கிழங்கை ஈரமின்றி, குருத்து முறியாமல் காத்தால், அடுத்த ஆடிக்கு விதைக்கிழங்கு வாங்கக் கடன்பட வேண்டியதில்லை.