கையெழுத்தும் மறைச்சொல்லும்

சிங்கப்பூரில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1877ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்குச் சேமிப்பு என்றாலே அந்த வங்கியின் சிறிய கணக்குப் புத்தகம்தான் நினைவுக்கு வரும். பணம் எடுக்கவேண்டுமானால் புத்தகத்தோடு நேரில் செல்லவேண்டும். முகப்பில் இருப்பவர் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார். எழுதத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைப்பார். புத்தகம் திருடு போனாலும் கையெழுத்து திருடு போவதில்லை. 1998இல் அவ்வங்கி டிபிஎஸ் வங்கியுடன் இணைந்தது. நாளடைவில் கணக்குப் புத்தகத்தின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. ஆனால் கையெழுத்து மறைந்துவிடவில்லை; வேறு உருவில் நம்மிடமே இருக்கிறது. அது எது என்று அறிந்துகொண்டால் இன்றைய வங்கி மோசடிகளில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

கைப்பேசிக்கு வரும் ஒருமுறை மறைச்சொல், வங்கிச் செயலியில் நாம் அழுத்தும் ஒப்புதல் பொத்தான், சிங்பாஸில் காட்டும் முகம் ஆகிய மூன்றும் நம் கையெழுத்தே. தொலைபேசியில் பேசும் ஒருவரிடம் மறைச்சொல்லைச் சொல்வது, வெற்றுத்தாளில் கையெழுத்திட்டு வழிப்போக்கரிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும். 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் காவல்துறைக்கு 51,501 மோசடிப் புகார்கள் வந்தன. இழப்பு 1.1 பில்லியன் வெள்ளிக்கும் அதிகம். இவற்றில் பெரும்பாலானவற்றில் எவரும் வங்கியின் கணினியை உடைத்துப் பணம் எடுக்கவில்லை. கணக்கின் சொந்தக்காரரே தம் கையால் அனுப்பியிருக்கிறார். இதைக் கேட்டு, "இவ்வளவு ஏமாளிகளா!" என்று சிரிப்பவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பு தேவையற்றது. ஏமாந்தவர்களில் நன்கு படித்தவர்களும் உண்டு.

2021ஆம் ஆண்டின் இறுதியில் நடந்ததைப் பாருங்கள். ஓசிபிசி வங்கியின் பெயரில் வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்திகள் வந்தன. கணக்கில் ஏதோ கோளாறு, உடனே இந்த இணைப்பை அழுத்திச் சரிசெய்யவும் என்றது செய்தி. அனுப்பியவரின் பெயர் ஒன்றாக இருந்தால் கைப்பேசி எல்லாச் செய்திகளையும் ஒரே வரிசையில் அடுக்கிவிடும். ஆகவே, வங்கி முன்பு அனுப்பிய உண்மையான செய்திகளுக்குக் கீழேயே பொய்ச் செய்தியும் வந்து அமர்ந்துகொண்டது. ஏறத்தாழ 790 பேர் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். வங்கி நல்லெண்ண அடிப்படையில் அத்தொகையைத் திருப்பிக் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் அவ்வாறு கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

அதன்பின் 2022 ஜனவரியில் நாணய ஆணையம் சில கட்டுப்பாடுகளை அறிவித்தது. வங்கிகள் தனிப்பட்ட வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் அழுத்தக்கூடிய இணைப்பு இருக்கக் கூடாது. கைப்பேசியில் புதிதாக அமைக்கும் டோக்கன் செயல்படக் குறைந்தது 12 மணி நேரம் ஆகவேண்டும். இந்த 12 மணி நேரத்தின் பொருளைச் சற்றுச் சிந்திக்கவேண்டும். மோசடிக்காரருக்கு அவசரமே முதல். காத்திருக்க வைத்தால் அவர் வேலை நடக்காது.

தொலைபேசியில் வருபவர்களும் இப்படித்தான். வங்கி அதிகாரி என்று ஒருவர் தொடங்குவார். உங்கள் பெயரில் குற்றச்செயல் நடந்திருக்கிறது என்று மற்றொருவர் காவல் அதிகாரியாகத் தொடர்வார். "விசாரணை இரகசியம், பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதீர்கள்" என்பார். இந்தக் கடைசிச் சொல்லே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். நம் அரசாங்க அதிகாரி எவரும் தொலைபேசியில் பணம் அனுப்பச் சொல்லமாட்டார், வங்கி விவரம் கேட்கமாட்டார், காவல்துறைக்கு அழைப்பை மாற்றிவிடவும் மாட்டார். "நான் யாரென்று சொல்லுங்கள் பார்ப்போம்" என்று நண்பரைப்போல் தொடங்குபவரிடம் நீங்களாக ஒரு பெயரைச் சொன்னால், அந்தக் கணமே அவர் அந்த ஆளாகிவிடுவார். ஐயமிருந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு 1799 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம். பேச்சை நடுவில் துண்டிப்பது மரியாதைக் குறைவு என்று தயங்கும் பெரியவர்களுக்கு வீட்டிலுள்ள இளையவர்கள் இதை எடுத்துச் சொல்லவேண்டும்.

கோயில் உண்டியலை அறியாதவர் இல்லை. காணிக்கையை எந்நேரமும் போடலாம். ஆனால் திறப்பதற்குப் பொறுப்பாளர்கள் முன்னிலை வேண்டும், சாவி வேண்டும், நாள் வேண்டும். நம் வங்கிச் சேமிப்புக்கும் இத்தகைய பூட்டு 2023 நவம்பர் முதல் உண்டு. டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி வங்கிகளில் ஒரு தொகையைப் பூட்டி வைத்துவிட்டால், இணையவழியில் அதை எவருக்கும் அனுப்ப இயலாது. மத்திய சேம நிதியிலிருந்து இணையவழியில் பணம் எடுப்பதற்கும் பூட்டு உண்டு. ஓய்வுக்காலப் பணம் வைத்திருப்பவர்கள் இதைச் செய்துகொள்வது மிக நல்லது. மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்தால் போதும்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு சொல். திருப்பணி, அன்னதானம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் எண்ணுக்கோ கியூஆர் குறியீட்டுக்கோ பணம் அனுப்பாதீர்கள். கோயில் அலுவலகத்தில் கேட்டு, அமைப்பின் பதிவு எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். பேநவ்வில் அந்த எண்ணை இட்டதும், பணம் போகுமுன் பெறுபவரின் பெயர் திரையில் தெரியும். கோயிலின் பெயருக்குப் பதிலாகத் தனிமனிதர் பெயர் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடவேண்டும். தர்மம் செய்ய நாளை ஒரு நாள் இருக்கிறது.

பணம் போய்விட்டதென்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைப்பதே பெருந்தவறு. முதலில் வங்கியின் மோசடி உதவி எண்ணை அழைத்துக் கணக்கை முடக்கவேண்டும். வங்கிச் செயலியிலும் அதற்குரிய வசதி உண்டு. பிறகு காவல்துறையில் புகார் செய்யவேண்டும். காவல்துறையின் மோசடித் தடுப்புப் பிரிவில் வங்கி ஊழியர்களும் உடனிருந்து பணியாற்றுகிறார்கள். பணம் பல கணக்குகளுக்குச் சிதறுமுன் புகார் போய்ச் சேர்ந்தால் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

வீட்டார் எவ்வளவு சொல்லியும் நம்பாமல், தொலைபேசிக்காரரையே நம்பிப் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே 2025 ஜூலை 1 முதல் தனிச் சட்டம் நடப்பில் உள்ளது. வேறு வழியில்லாத நிலையில், அவருடைய கணக்கிலிருந்து பணம் செல்வதை 30 நாள் வரை தடுத்து வைக்கும்படி காவல்துறை வங்கிகளுக்கு ஆணையிடலாம். தேவையானால் நீட்டிக்கவும் செய்யலாம். அப்படித் தடுத்தாலும், அன்றாடச் செலவுக்குரிய பணத்தை அவர் கேட்டுப் பெற்றுக்கொள்ள வழி இருக்கிறது.